சுவரைப் பார்க்கும் முன் ஒரு டைலைப் பாருங்கள்: போர்த்துக்கலின் அசுலேஜோ சுவர்களைப் பார்க்க முதல் தடவை போகிறவர்களுக்கு

போர்ட்டோ நகரத்தில் சாவ் பென்டோ என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதன் முன்கூடத்தில் சுவரெல்லாம் டைல்தான், சுமார் 20,000 டைல்கள் சேர்ந்து பெரிய பெரிய படங்களாக நிற்கின்றன. அங்கே வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் தெரியும்: உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார்கள், நடுவில் நின்று நாலு படம் எடுப்பார்கள், ஐந்து நிமிஷத்தில் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அவ்வளவுதான் பார்த்தேன். இரண்டாம் தடவை ஒரு ரயிலைப் பிடிக்க ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டதால், வேறு வேலை இல்லாமல் சுவரோரம் போய் ஒரே ஒரு டைலை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் இருந்தது ஒரு குதிரையின் குளம்பும் அதற்குக் கீழே கொஞ்சம் புல்லும் மட்டும்தான். புல்லுக்கு நாலைந்து இழுப்பு, குளம்புக்குத் தூரிகையை அழுத்தி எடுத்த ஒரு கறுநீலத் திட்டு. வரைந்தவருடைய கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிமிர்ந்தபோது அந்தச் சுவர் எனக்கு வேறு சுவராகிவிட்டது.

இந்தக் கட்டுரை படிக்கவோ, வேலைக்கோ, சும்மா சுற்றிப் பார்க்கவோ போர்த்துக்கல் போகிற நம் ஆட்களுக்காக. ஓவியம் பற்றி முன்னே பின்னே தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் சொல்கிற வரிசையில் பார்த்தால் போதும்: முதலில் ஒரு டைல், அப்புறம் சுவர், அப்புறம் அந்தக் கட்டடத்தை மக்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்பது, கடைசியில் சுவரின் காயங்கள். இந்த மூன்றாவது விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இந்தப் படங்கள் அருங்காட்சியகத்துக்காக வரைந்தவை இல்லை. ரயிலுக்கு ஓடுகிறவர்களும், வகுப்புக்குப் போகிறவர்களும், மாலையில் களைத்து வீடு திரும்புகிறவர்களும் போகிற வழியில் பார்க்கட்டும் என்று வைத்தவை.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். போர்த்துக்கலில் இந்த டைலுக்கு அசுலேஜோ என்று பெயர். சின்னதாகத் தேய்த்து மெருகேற்றிய கல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. படமெல்லாம் நீலமாக இருப்பதால் நீலத்துக்கான அவர்களுடைய சொல்லிலிருந்து வந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. அந்த ஊர் மொழி நமக்கு முழுக்க அந்நியம் என்றும் நினைக்க வேண்டாம். ஜன்னல், அலமாரி, சாவி, மேசை எல்லாம் அங்கிருந்து நம் வீட்டுக்குள் வந்து குடியேறிய சொற்கள்தான்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது. ஆத்தங்குடிக் கல்லும் இதுவும் ஒன்று இல்லை. ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுப்பது, அதற்குச் சூளையே கிடையாது. அசுலேஜோ களிமண்ணில் செய்து சூளையில் சுடுவது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் மேடும் பள்ளமுமாகப் பூ வேலை செய்த பளபளப்பான வெளிநாட்டு டைல்கள் பார்த்திருப்பீர்கள், இதற்கு அவைதான் கொஞ்சம் நெருங்கிய சொந்தம்.

கிளம்பும் முன் கோவாவில் ஒரு ஒத்திகை

போர்த்துக்கல் போக விமானச் செலவு பெரிது. பழகிக்கொள்ள நமக்கு ரயில் தூரத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. கோவாவில் பணஜி நகரத்தின் ஆசாத் மைதானத்துக்கு அருகில் மெனேசஸ் பிரகான்சா நிறுவனக் கட்டடம். அதன் நுழைவுக் கூடத்தில் நீலமும் வெள்ளையுமாக டைல் படங்கள் இருக்கின்றன. 1935இல் செய்தவை. வரைந்தவர் ஜோர்ஜ் கொலாசோ, சாவ் பென்டோ நிலையத்தை வரைந்த அதே மனிதர். மொராக்கோவின் தாஞ்சியரில் 1868இல் பிறந்தவர், 1942இல் இறந்தார். பணஜியில் அவர் எடுத்துக்கொண்டது கமோயின்ஸ் என்ற போர்த்துக்கீசியக் கவிஞரின் லூசியாதுகள் காவியம். வாஸ்கோ ட காமாவின் கடற்பயணத்தை நடுவில் வைத்து எழுதிய காவியம் அது.

இங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள். கூட்டம் நெருக்காது, படங்கள் கண்ணுக்கு நேராக இருக்கின்றன, அவசரமில்லாமல் பழகலாம். ஆனால் பார்க்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1935இல் கோவா போர்த்துக்கலின் கையில் இருந்தது. ஆண்டுகொண்டிருந்தவர்கள் தாங்கள் வந்த கதையைத் தாங்களே பெருமையாகச் சொல்லிக்கொண்ட சுவர் இது. வேலைப்பாட்டை மனதார ரசிக்கலாம், ரசிக்க வேண்டும். அதோடு கூடவே யாருடைய வாயிலிருந்து வரும் கதை என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுக் கட்டடச் சுவரில் எதை வரைவது என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் எப்போதும் அதிகாரத்தில் இருக்கிறவர்கள்தானே.

முதல் படி: ஒரே ஒரு டைல்

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதல் பத்து நிமிஷம் மொத்தப் படத்தையும் மறந்துவிடுங்கள். கண் மட்டத்தில் ஏதாவது ஒரு டைலைத் தேர்ந்தெடுத்து, கை நீட்டும் தூரத்தில் நில்லுங்கள், தொட வேண்டாம். பழைய டைல் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் 14 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், விரித்த உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. இந்த அளவு தெரிந்தால் டேப் இல்லாமலே சுவரை அளந்துவிடலாம். கிடைவாக்கில் எண்ணுங்கள், ஏழு டைல் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சம் டைலின் மேல் வழுக்கி வரும்படி பாருங்கள். கோடுகள் வரப்பு மாதிரி மேடாக எழும்பி, வண்ணம் அந்த வரப்புகளுக்கு நடுவில் தேங்கியிருந்தால் அது பழைய முறை. ஈரக் களிமண்ணில் அச்சை அழுத்தி வரப்பு உண்டாக்கி, ஒரு வண்ணம் இன்னொன்றோடு கலக்காமல் தடுப்பார்கள். ஸ்பெயினின் செவில் நகரத்திலிருந்து 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இப்படிப்பட்டவை ஏராளமாக வந்தன. லிஸ்பனுக்குப் பக்கத்தில் சின்ட்ரா அரண்மனையில் அறை அறையாகப் பார்க்கலாம்.

மேற்பரப்பு சமமாக இருந்து, தூரிகை ஓடிய தடம் தெரிந்தால் அது வெள்ளைக் கிளேஸ் (சூளையில் வெந்ததும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பூச்சு) மேல் கையால் வரைந்தது. நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இதைத்தான், அதனால் இது எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது தெரியாமல் பார்த்தால் பாதி சுகம் போய்விடும்.

களிமண் பலகையை முதலில் ஒரு தடவை சுடுவார்கள், செங்கல் மாதிரி ஆகிவிடும். அதன் மேல் வெள்ளீய ஆக்சைடு கலந்த கிளேஸ் கரைசலை ஊற்றுவார்கள். தண்ணீரைப் பலகை சட்டென்று குடித்துவிடும், மேலே மாவு மாதிரி ஒரு வெள்ளைப் படலம் நிற்கும். விரல் பட்டால் உதிரும். வரைய வேண்டிய படம் காகிதத்தில் இருக்கும், அதன் கோடுகள் நெடுக ஊசியால் குத்தி, மேலே கரித்தூள் பொட்டலத்தைத் தட்டினால் ஓட்டை வழியே தூள் இறங்கிப் புள்ளிக் கோடாக விழும். நம் ஊரில் ஆரி வேலை செய்கிறவர்கள் டிரேசிங் பேப்பரில் ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் பொடி குழைத்துத் துணி மேல் தேய்ப்பார்களே, அதே வித்தை. அப்புறம் அந்த மாவுப் படலத்தின் மேல் தூரிகையால் வரைய வேண்டும். தூரிகை பட்ட கணத்திலேயே வண்ணத்தை உறிஞ்சிவிடும், அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. கை தயங்கினால் தயங்கிய இடத்தில் திட்டு விழும். போதாக்குறைக்கு, நீலத்தைத் தருகிற கோபால்ட் என்ற வண்ணப்பொருள் வரையும்போது மங்கலாகத்தான் இருக்கும், அந்தப் பளிச்சென்ற நீலம் இரண்டாம் தடவை சூளைக்குள் போய் வெந்து வெளியே வந்த பிறகுதான் தெரியும். வரைகிறவர் தன் மனக்கண்ணில் நீலத்தை வைத்துக்கொண்டு வரைகிறார்.

ஏன் நீலமாகவே இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். சூளையின் சூட்டைத் தாங்கி நிற்கிற வண்ணங்களில் கோபால்ட் முக்கியமானது. அதோடு 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனப் பீங்கானும், அதைப் பார்த்து ஹாலந்துக்காரர்கள் செய்த நீல வெள்ளைப் பீங்கானும் ஐரோப்பா முழுக்க மோகமாகிவிட்டன. அதற்கு முன் போர்த்துக்கல் டைல்களில் மஞ்சளும் பச்சையும் தாராளமாக இருந்தன, பழைய தேவாலயங்களில் பார்க்கலாம்.

நீலத்தின் அடர்த்தியைக் கவனியுங்கள். ஒரே வண்ணம்தான், தண்ணீர் கூடக்கூட வெளிறும். தூரத்து மலைக்கு ஒரு நீலம், பக்கத்து மரத்துக்கு ஒரு நீலம், கண்ணின் கருமணிக்கு ஒரு நீலம். மூன்றையும் ஒரே டைலில் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் அடுத்த படிக்குத் தயார்.

இரண்டாம் படி: சுவர் முழுவதும், சாவ் பென்டோவில்

காலையில் சீக்கிரம் போங்கள். சுற்றுலாக் குழுக்கள் வர ஆரம்பித்துவிட்டால் கூடம் நிறைந்துவிடும். முன்கூடத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை, அது ரயில் நிலையம், நேராக உள்ளே போகலாம்.

அந்த இடத்தில் முன்பு பெனடிக்ட் சபையின் கன்னிமார் மடம் இருந்தது, நிலையத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கட்டடத்தை வடிவமைத்தவர் ஜோசே மார்க்கெஸ் ட சில்வா. 1900இல் அடிக்கல் நாட்டி, 1916 அக்டோபர் 5இல் திறந்தார்கள். கொலாசோ 1905லிருந்து இதற்கான வேலையில் இருந்தார். டைல்கள் லிஸ்பனுக்கு அருகில் சக்காவேம் தொழிற்சாலையில் செய்து கொண்டுவரப்பட்டவை.

பெரிய காட்சிகள் நான்கு. அவற்றில் ஒன்றில் உங்களை அதிக நேரம் நிற்கச் சொல்வேன்: கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு மனைவி மக்களோடு ஒரு மன்னன் முன் நிற்கிற மனிதர். அவர் பெயர் எகாஸ் மோனிஸ். 12ஆம் நூற்றாண்டில், இன்றைய ஸ்பெயினில் இருந்த லியோன் நாட்டு மன்னன் ஏழாம் அல்ஃபோன்சோ கிமராயன்ஸ் கோட்டையை முற்றுகையிட்டபோது, இளவரசன் அஃபோன்சோ ஹென்ரிக்கஸ் உங்களுக்கு அடங்கி நடப்பான் என்று அவனை வளர்த்த எகாஸ் மோனிஸ் வாக்குக் கொடுத்து முற்றுகையை விலக்கினாராம். இளவரசன் பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. கொடுத்த வார்த்தை தன்னுடையது என்பதால், அதற்கு ஈடாகத் தன் உயிரையும் குடும்பத்தின் உயிரையும் எடுத்துக்கொள்ளும்படி அவரே நடந்து போய் மன்னன் முன் நின்றார், மன்னன் மன்னித்து அனுப்பினான் என்று கதை. சொன்ன சொல்லுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிட்டே போய் அந்தக் கயிறுகளைத் தேடுங்கள், குழந்தைகளைத் தேடுங்கள். முதல் பார்வையில் அரசவைக் கூட்டமாகத் தெரிந்த படம் கயிறு கண்ணில் பட்டதும் கனத்துப்போகும்.

மற்றவை: அதே இளவரசனும் அதே லியோன் மன்னனும் மோதிய வால்தெவேஸ் சண்டை, 1387இல் முதலாம் ஜோவாவ் மன்னன் இங்கிலாந்திலிருந்து வந்த பிலிப்பாவை மணமுடிக்கப் போர்ட்டோவுக்குள் குதிரையில் நுழைவது, 1415இல் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா நகரத்தைப் பிடித்தது. இந்தக் கடைசிப் படத்துக்கும் பணஜிக்கும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சியூட்டாவில் தொடங்கிய கடல்கடந்த ஆசைதான் 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தது. தொடக்கத்தையும் பயணத்தையும் ஒரே ஓவியர், இரண்டு கண்டங்களில், இரண்டு பொதுக் கட்டடங்களுக்குள் வரைந்து வைத்திருக்கிறார்.

போரும் அரசர்களும் போதும் என்று தோன்றினால் கண்ணைத் திருப்பிக் கிராமத்துக் காட்சிகளைத் தேடுங்கள். திராட்சை அறுவடை, ஆலை, சந்தை, திருவிழா. எனக்கு அரசர்களைவிட இவர்களைத்தான் பிடிக்கும். அப்புறம் சுவரின் உச்சியில் மற்றவை போல் நீலமாக இல்லாமல் பல வண்ணத்தில் ஒரு பட்டை ஓடுகிறது பாருங்கள், ரயில் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து மனிதர்கள் பயணம் செய்த விதங்களை அதில் வரிசையாக வரைந்திருக்கிறார்கள். சின்னதாக ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது, உயரம் அதிகம். ரயில் பிடிக்க வந்தவனுக்குப் பயணத்தின் கதையையே தலைக்கு மேலே ஓடவிட்ட யோசனை எவ்வளவு பொருத்தமானது.

கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஓரமாக நின்று ஒரு ரயில் வந்து கூட்டம் இறங்கி வெளியேறுவதைப் பாருங்கள். ஊர்க்காரர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியாது. பழகிப்போன வீட்டுச் சுவரை யார் நின்று பார்ப்பார்கள்? ஆனால் அவர்கள் காலையும் மாலையும் நடக்கிற வழி இது. அந்த நடையோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சுவர் முழுமை.

மூன்றாம் படி: லிஸ்பன் மெட்ரோவில் ஒரு பகல்

லிஸ்பனில் முதலில் 24 மணி நேரப் பயணச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை தடவை இறங்கி ஏறினாலும் கவலையில்லை. நெரிசல் நேரத்தைத் தவிருங்கள், காலை பத்து மணிக்கு மேல் நான்கு மணிக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். பையை முன்பக்கம் மாட்டுங்கள். சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களைத் தேடித்தான் பிக்பாக்கெட் வருவான்.

மெட்ரோ ஓட ஆரம்பித்தது 1959 டிசம்பர் 29இல், 11 நிலையங்களோடு. நிலையங்களின் கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ கெய்ல் டு அமரால். கையில் பணம் குறைவு, சுவர்களோ வெறுமையாக, தரைக்கடியில் இருட்டாக. அவருடைய மனைவி மரியா கெய்ல் ஓவியர், டைல் போடலாம் என்று முன்வந்து, அவெனிதா நிலையம் தவிர மற்ற எல்லா முதல் நிலையங்களுக்கும் அவரே வடிவங்கள் செய்தார். அந்தக் காலத்தில் டைல் என்றால் பழங்காலச் சமாச்சாரம், நவீனக் கட்டடத்துக்கு ஒவ்வாது என்று கட்டடக் கலைஞர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்கு லிஸ்பன் மெட்ரோவில் டைல் இல்லாத நிலையத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றால் அதற்கு இந்த அம்மா போட்ட பாதைதான் காரணம். 2012இல், தொண்ணூறு வயதைத் தாண்டி இறந்தார்.

பச்சைப் பாதையில் இன்டென்டென்ட்டே நிலையத்தில் தொடங்குங்கள், மரியா கெய்லின் வேலைகளில் மிகவும் பேசப்படுவது இது. படம் எதுவும் கிடையாது, வெறும் வடிவங்கள். எங்கேயாவது ஒரு டைலைக் குறித்துக்கொண்டு அதே டைல் மறுபடி எங்கே வருகிறது என்று வலப்பக்கம் எண்ணிக்கொண்டே போங்கள், அப்புறம் கீழே எண்ணுங்கள். சிக்குக் கோலத்தில் இழை எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று பிடிப்பது மாதிரிதான். வாசலில் கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும். கொஞ்ச வகை டைல்களை வைத்துக்கொண்டு, இடம் மாற்றியும் திருப்பிப் பதித்தும் ஒரு நீண்ட சுவரை அலுக்காமல் நிரப்பியிருக்கிறார், கையில் காசு குறைவாக இருந்தபோது பழகிய புத்தி.

அதே பாதையில் வடக்கே போனால் கம்போ கிராண்டே. 18ஆம் நூற்றாண்டு மாளிகைகளின் மாடிப்படி ஓரத்தில், வருகிறவர்களைக் கைகாட்டி வரவேற்கிற ஆளுயரச் சேவகர் உருவங்களை டைலில் வைப்பது வழக்கம். நம் கோயில் சன்னதி வாசலில் துவாரபாலகர் நிற்பார்களே, நிற்கிற இடம் அதுதான், இவர்கள் தடுப்பதற்குப் பதிலாக உள்ளே வாங்க என்கிறவர்கள். எட்வர்டோ நேரி என்ற ஓவியர் 1993இல் அந்தப் பழைய உருவங்களை எடுத்து, டைல்களைக் கலைத்துப் போட்டு, தலை ஓரிடம் கால் ஓரிடமாக நிலையத்தில் நிறுத்தினார். மாளிகைக்குள் பிரபுக்களுக்கு மட்டும் வணக்கம் சொன்னவர்கள் இங்கே மெட்ரோவில் வருகிற எல்லோருக்கும் சொல்கிறார்கள்.

அங்கிருந்து மஞ்சள் பாதையில் அடுத்த நிலையம் சிதாதே உனிவெர்சித்தாரியா, பல்கலைக்கழக நிலையம். வியெய்ரா ட சில்வா என்ற பெண் ஓவியரின் படத்தை மனுவேல் கார்கலெய்ரோ என்ற ஓவியர் டைலுக்கு மாற்றினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், தரைக்கடியில் அடைக்கலம் புகுந்த மனிதர்களை மனதில் வைத்து அந்த அம்மா வரைந்த படம். தரைக்கடியில் நின்றுகொண்டு அதைப் பார்க்கிறபோது உடம்பு கொஞ்சம் சிலிர்க்கும்.

நீலப் பாதையில் மூன்று நிலையங்களுக்காவது இறங்குங்கள். பார்க்கே நிலையத்தில் உலக மனித உரிமைப் பிரகடனத்தையே சுவரில் எழுதியிருக்கிறார்கள். லரான்ஜெய்ராஸ் என்றால் ஆரஞ்சு மரங்கள், சுவரிலும் ஆரஞ்சுப் பழங்கள்தான். ஆல்தோ டோஸ் மொயின்யோஸில் ஜூலியோ பொமார் நான்கு இலக்கியவாதிகளை விறுவிறுவென்ற கோடுகளில் வரைந்திருக்கிறார்: கமோயின்ஸ், பொகாஜே, பெசோவா, அல்மாதா நெக்ரெய்ரோஸ். பணஜியில் பார்த்த காவியத்தின் கவிஞரை இங்கே முகத்துக்கு முகம் சந்திப்பீர்கள். நேரமிருந்தால் சிவப்புப் பாதையில் ஓரியென்ட்டே, 1998 உலகக் கண்காட்சிக்காகத் திறந்த நிலையம், பல நாட்டு ஓவியர்கள் வரைந்தது, ஜப்பானின் யாயோய் குசாமா உட்பட.

இரண்டு நாள் அதிகம் இருந்தால்

எவோராவுக்குப் போங்கள். அங்கே பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் ஜெசுவிட் குருமார்கள் நடத்திய கல்லூரி. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வகுப்பறைச் சுவர்களில் டைல் பதித்தபோது அந்தந்த அறையில் சொல்லிக்கொடுக்கிற பாடத்துக்கு ஏற்ற காட்சிகளை வைத்தார்கள். அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் பாடம் சொல்லும் காட்சி ஒரு சுவரில் இருக்கிறது. இன்றைக்கும் அது நடக்கிற பல்கலைக்கழகம், அதனால் வகுப்பு நடக்கிற அறைக்குள் எட்டிப்பார்க்காதீர்கள், மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும்வரை காத்திருங்கள். கோயிம்ப்ராவில் இதைவிட ஒரு படி மேலே போய் யூக்ளிட்டின் வடிவகணிதப் படங்களையே டைலில் செய்திருந்தார்கள். மிச்சமிருப்பதில் சிலவற்றை மச்சாடோ டி காஸ்ட்ரோ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். முக்கோணமும் வட்டமும் எழுத்துக் குறிகளுமாக, வெள்ளைப் பரப்பில் நீலக் கோடுகள். அழியாத கரும்பலகை.

லிஸ்பனில் தேசிய அசுலேஜோ அருங்காட்சியகத்தைக் கடைசியாக வையுங்கள், முதலில் போனால் எல்லாம் ஒன்றாகத் தெரியும். 1509இல் லியோனோர் அரசி நிறுவிய மடத்தில் இருக்கிறது. அங்கே 23 மீட்டர் நீளத்துக்கு ஒரு லிஸ்பன் நகரக் காட்சி, 1755 நிலநடுக்கத்தில் நகரம் சரிவதற்கு முன், 1700 வாக்கில் வரைந்தது. ஆற்றங்கரை நெடுக வீடு வீடாக நடந்து பாருங்கள். பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கிளேஸ் கண்ணாடி மாதிரி, வெளிச்சம் அப்படியே திரும்பி அடித்து நடுவில் வெள்ளைப் புண்ணாகத்தான் விழும். சுவருக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கினால் ஜன்னல் பிரதிபலிப்பு போய்விடும். ஒவ்வொரு சுவருக்கும் மூன்று படம் எடுக்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தச் சுவர், கை நீட்டும் தூரம், ஒற்றை டைல். டிரைபாடை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஆட்கள் நடக்கிற இடம்.

நான்காம் படி: காயங்களைப் பார்ப்பது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் இதைப் பார்க்கப் பழகிய பிறகுதான் எனக்கு இந்தச் சுவர்கள் மேல் அக்கறையே வந்தது. சுவரின் கீழ் வரிசைகளைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் முதலில் கெடுவது அவைதான். தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. நம் வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வது போலத்தான், ஆனால் இங்கே உப்பு வெளியே வர வழியில்லாமல் கிளேஸுக்கு அடியில் படிகமாகி அதைத் தள்ளிவிடும். வண்ணம் செதிலாக உரிந்து, உள்ளே இருக்கும் செம்மண் நிறம் தெரியும். அடியில் காரை விட்டுப்போன டைலை விரலால் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும், நம் ஊர் டைல்ஸ் வேலைக்காரர்களும் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் தட்ட வேண்டாம், அது பழுதுபார்க்கிறவர்களின் வேலை.

அப்புறம், இடம் மாறிய டைல்களைத் தேடுங்கள். பெரிய படத்தைப் பதிக்க எடுத்துப்போகும்போது எந்த டைல் எங்கே என்று ஒவ்வொன்றின் முதுகிலும் எழுத்தும் எண்ணும் குறிப்பார்கள், வரிசைக்கு எழுத்து, இடத்துக்கு எண். பின்னாளில் சுவரைப் பழுதுபார்க்கக் கழற்றியபோது அந்தக் குறிப்பு அழிந்தோ, கவனம் தப்பியோ சில டைல்கள் வேறு இடத்துக்குப் போய்விடும். ஒரு பழைய கட்டடத்தின் தாழ்வாரத்தில், மரக்கிளைக்கு நடுவில் செருப்பணிந்த ஒரு பாதம் தலைகீழாக இருந்ததைப் பார்த்தேன். அந்தப் பாதத்துக்குச் சொந்தக்காரர் மூன்று மீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தார், அவர் கணுக்காலுக்குக் கீழே இலைகள். வெகு நேரம் அங்கேயே நின்றேன். யாராவது ஒரு நாள் அந்த இரண்டு டைலையும் மாற்றி வைத்துவிட மாட்டார்களா என்று இருந்தது.

வேறு நீலத்தில் ஒற்றை டைல் தனித்துத் தெரிந்தால் அது உடைந்ததற்குப் பதிலாகப் பின்னர் செய்து வைத்தது. குறையாக நினைக்காதீர்கள். இடைவெளியை யாரோ ஒருவர் பொறுப்போடு நிரப்பியிருக்கிறார்.

ஞாபகத்துக்கு ஒன்று வாங்க நினைத்தால்

சந்தையில் முதுகில் சுவர்க்காரை ஒட்டியிருக்கும் பழைய டைல்களைத் தனித்தனியாகக் குவித்து விற்பார்கள். விலை மலிவாகத்தான் இருக்கும். வாங்காதீர்கள். அது ஏதோ ஒரு சுவரிலிருந்து பெயர்த்தது, பல நேரம் திருடியது, நீங்கள் வாங்கினால் நாளைக்கு இன்னொரு சுவரில் ஓட்டை விழும். இந்தத் திருட்டைத் தடுக்கவே 2007இல் நீதித்துறைக் காவலின் அருங்காட்சியகம் எஸ்.ஓ.எஸ். அசுலேஜோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மே 6 இப்போது தேசிய அசுலேஜோ தினம். லிஸ்பனில் 1741லிருந்து இயங்கும் சான்ட்டானா போன்ற பட்டறைகளில் இன்றும் கையால் வரைந்த புது டைல் கிடைக்கும். விலை அதிகம், ஆனால் வரைந்த கைக்குப் போய்ச் சேரும். துணிக்குள் சுற்றிக் கைப்பையில் கொண்டுவாருங்கள்.

போர்ட்டோவில் கடைசி நாள் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ சதுக்கத்தில் இருக்கும் பேங்கோ டி மட்டீரியாய்ஸைப் பாருங்கள். நகராட்சி நடத்தும் பொருள் வங்கி அது. இடிக்கிற வீடுகளிலிருந்தும் விழுந்துவிடும் சுவர்களிலிருந்தும் மீட்ட டைல்களை வடிவம் வடிவமாகப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். போர்ட்டோவில் வீடு வைத்திருப்பவர் முகப்பில் நாலு டைல் விழுந்துவிட்டால், மாதிரியைக் காட்டி, அதே வடிவம் இருப்பில் இருந்தால் பணம் கொடுக்காமல் வாங்கிக்கொண்டு போய்ப் பதித்துக்கொள்ளலாம்.